"சாமி, நல்ல வக்கீல் யாராவது தெரியுமா?"



ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் கோவில் வாசலில் ஒரு பெண் தயங்கி நிற்பார். இடுப்பில் குழந்தை, முகத்தில் பல நாள் தூக்கமில்லாத களைப்பு. அருகில் வந்து மெல்லக் கேட்பார்: "சாமி, நல்ல வக்கீல் யாராவது தெரியுமா?" எதற்கு என்று நாம் கேட்க வேண்டியதில்லை. தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பங்குப்பணி செய்யும் நமக்கு இது புதிய கேள்வி அல்ல.

"பொறுத்துப் போம்மா" என்பதே பல வேளைகளில் நமது முதல் பதில். ஒப்புரவுக்கு வழியிருந்தால் அதைத்தான் முதலில் தேட வேண்டும். ஆனால் குடியும் அடியுமாக இருக்கும் வீட்டிற்கு ஒரு மகளைத் திருப்பி அனுப்புவது மேய்ப்புப்பணி ஆகுமா? உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1153). சட்ட உரிமைகளையும் பிள்ளைகளின் நலனையும் சொத்தையும் காக்க வேறு வழியே இல்லாதபோது, அரசு நீதிமன்றத்தில் மணமுறிவு பெறுவது பாவமாகாது என்று மறைக்கல்வி நூலும் (எண் 2383) தெளிவுபடுத்துகிறது. எனவே வக்கீலைத் தேடுவதாலேயே ஒருவர் திருச்சபையை விட்டு விலகிப் போய்விடுவதில்லை. மணமுறிவு பெற்று, மறுமணம் செய்யாமல் வாழ்பவர் அந்த ஒரே காரணத்துக்காக நற்கருணையிலிருந்து விலக்கப்படுவதும் இல்லை. இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் பின்வரிசையில் அமர்ந்து அழுபவர்கள் நம் பங்குகளில் உண்டு!

இங்கே இரண்டு வாசல்கள் இருப்பதை நாம் அறிய வேண்டும். மறைமாவட்டத் திருமண நீதிமன்றம், திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லுமா செல்லாதா என்று ஆராய்கிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த நடைமுறையை எளிமையாக்கி, இயன்றவரை கட்டணமின்றி நடத்தவும் கேட்டுக்கொண்டார். ஆனால் இந்தத் தீர்ப்பு அரசுச் சட்டத்தின் முன் செல்லாது. உச்ச நீதிமன்றம் 1996இல் மோலி ஜோசப் வழக்கில் இதைச் சொன்னது. 2017இல் கிளாரன்ஸ் பாயஸ் தொடுத்த பொதுநல வழக்கிலும் அதை உறுதி செய்தது. திருச்சபைத் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்பவர் இருதார மணக் குற்றத்திற்கு ஆளாக நேரிடும். அதுபோல, அரசு நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் இருந்தால் கோவிலில் மறுமணம் செய்ய இயலாது. ஒரு வாசல் மற்றதற்குப் பதிலாகாது.

சரி, வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது? வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவோ தரகர் வைத்து ஆள் பிடிக்கவோ விதி அனுமதிப்பதில்லை. வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு மதிப்பெண் போடும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே நீதிமன்ற வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருபவரை நம்பி முன்பணம் தர வேண்டாம்.

முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின் கீழ் வழக்கு நடத்தியிருக்கிறீர்களா?" இந்து திருமணச் சட்டத்தில் தேர்ந்தவருக்கு நமது சட்டம் பழக்கமில்லாமல் இருக்கலாம். 2001இல் அது திருத்தப்பட்ட பிறகே, கொடுமையைக் காரணம் காட்டி மட்டும் ஒரு பெண் மணமுறிவு கேட்க முடிந்தது. இருவரின் சம்மதத்தோடு பிரியும் வழியும் அப்போதுதான் வந்தது. மணவாழ்வின் பிணைப்பு நீங்காமல் சட்டப்படி பிரிந்து வாழவும் அதே சட்டத்தில் இடமுண்டு. அடியிலிருந்து பாதுகாப்பும் செலவுக்குப் பணமும்தான் தேவை என்றால், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமே போதுமானதாக இருக்கலாம். இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்பவரே நல்ல வக்கீல்.

கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணை என்பதை எழுதி வாங்குங்கள், ரசீது கேளுங்கள். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பது விதிக்குப் புறம்பானது. வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். திருமணச் சான்றிதழின் நகலைக் கொடுத்து, மூலத்தை வீட்டிலேயே வையுங்கள்.

நம் மக்களில் பலர் குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். "கேரளாவில் சீக்கிரம் முடியும்" என்று அங்கே பேச்சு அடிபடும். சம்மத மணமுறிவுக்குச் சட்டத்தில் இருந்த இரண்டாண்டுப் பிரிவை 2010இல் ஓராண்டாகக் குறைத்த கேரள உயர் நீதிமன்றம், 2022இல் அந்த ஓராண்டையும் நீக்கியது. அதை இங்கே பின்பற்றலாமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறாமல் மனு போட வேண்டாம். திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றின் நீதிமன்றங்களுக்கு வழக்கை ஏற்கும் அதிகாரம் உண்டு. கம்பத்தில் மணமுடித்து மலைமேல் குடியிருந்தவர் தேனி மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.

பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் நீதி கேட்டு நடுவரிடம் திரும்பத் திரும்பச் செல்கிறார். அவருக்காகப் பேச ஒரு வக்கீல் இல்லை. உடன் செல்ல ஓர் உறவும் இல்லை. நம் பங்கில் அப்படி ஒருவர் தனியே பேருந்து ஏறிப் போகலாமா? மாதர் சங்கத்தார் ஒருவர் துணைக்குப் போகலாம்; அன்பியத்தார் அன்றைக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். வாய்தா நாளில் உடன் நிற்பதும் இரக்கச் செயல்தான். தீர்ப்பு எதுவாயினும், அந்த மகள் அடுத்த ஞாயிறு கோவிலுக்குள் தலைநிமிர்ந்து வர வேண்டும். அதற்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? சிந்திப்போம், செயல்படுவோம்.