மாசி இரவுக்கு ஏற்ற கெமரா

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் 50,000 ரூபாய் கெமரா என்றால் 37 நாள் மலையேறிக் கொழுந்து பறித்த காசு. லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு பஸ் ஏறும் பிள்ளையின் பையில் இருப்பது அந்தக் காசுதான். கடையில் எடுத்துக்காட்டும் பெட்டியிலோ ‘48 மெகாபிக்சல்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அந்த எண்ணை நம்பினால் ஏமாற்றம்தான்.

அல்பத்தில் ஒட்டும் நாலுக்கு ஆறு அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட 2.2 மெகாபிக்சல் போதும். ஏ4 தாளுக்கு 8.7. பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவுக் கெமராக்கள் பலவற்றில், இல்லாத புள்ளிகளை மென்பொருள்தான் இட்டு நிரப்புகிறது. பெயர்பெற்ற நிறுவனங்கள் மலிவுக் கெமரா செய்வதையே பெரும்பாலும் விட்டுவிட்டன. 2010இல் அவை உலகச் சந்தைக்கு அனுப்பிய டிஜிட்டல் கெமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023இல் 80 இலட்சம்கூட இல்லை.

பார்க்க வேண்டியது சென்சரின் பரப்பு. சட்டைப்பைக்குள் அடங்கும் சாதாரணக் கெமராவில் அது ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர். 2016இல் வந்த கெனன் 1300டி போன்ற ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆரில் 330க்கும் மேல். பரப்பு கூடக் கூட உள்ளே சேரும் வெளிச்சமும் கூடும்.

தோட்டத்துக்கு இது மிக முக்கியம். பகலில் எல்லோரும் மலையில் நிற்கிறார்கள். திருவிழாவும் கூத்தும் களைகட்டுவது இருட்டிய பிறகு. மாசியில் காமன் கூத்து தொடங்கினால் ரதியும் மதனும் ஆடுவது தீப்பந்தத்திலும் ஒன்றிரண்டு பல்பு வெளிச்சத்திலும்தான். கையிலிருக்கும் போன், இரவில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது சரி. சுழன்றாடும் மதனின் முகமோ கலங்கிப்போகும். பகல் படங்கள் மட்டும் போதும் என்பவருக்கு நல்ல போனே தாராளம், தனியாகக் கெமரா வாங்கத் தேவையில்லை. கூத்தைப் பதிய விரும்புகிறவருக்கு அது போதாது.

கெமராவோடு சேர்ந்து வரும் 18-55 லென்ஸும் இருட்டில் கைகொடுக்காது. அதன் 55 முனையில் திறப்பு எஃப் 5.6. எஃப் 1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. சூம் இல்லை, ஆட்டக்காரரை நெருங்கியும் விலகியும் நடக்க வேண்டும். அந்தச் சிரமம் நல்லதுதான். கெனன் என்றால் 2015இல் வந்த 50 எஸ்.டி.எம். வகையைத் தேடலாம். 2014இல் வந்த நிக்கோன் டி3300 வாங்குகிறவர் கவனமாக இருக்க வேண்டும்: அதன் உடலுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் இல்லை. ஆகவே லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நாட்டில், பெரிய சென்சர் குறைந்த விலைக்குக் கிடைப்பது பாவித்த கெமராவில்தான். அதில் வெட்கப்பட எதுவுமில்லை, சோதித்து வாங்கினால் போதும். சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய்ப் படமெடுத்து, ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். டி3300இன் ஷட்டர் 1 இலட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. பிறகு லென்ஸுக்குள் டோர்ச் அடித்து உற்றுப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி நூல்போல ஏதும் ஓடினால் அது பங்கஸ். அந்த லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

நல்ல லென்ஸும் நம் ஊரில் கெட்டுப்போகும். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழை, அதற்கு மேல் மலைப்பனி. லயக் காம்பராவின் சுவரே ஈரம் கசியும். துணிப்பையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்த கெமராவில் பங்கஸ் பிடிக்க அதுவே போதும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் இருந்தால் காப்பாற்றலாம்.

இவ்வளவு பாடுபட்டுக் கெமரா எதற்கு என்று கேட்கலாம். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்த ஜூலியா மார்கரெட் கெமரன் இங்குள்ள எளிய மக்களைப் படமெடுத்தார். அந்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் போன்றவை பிற்பாடு அச்சிட்ட அஞ்சலட்டைகளில் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்களுக்கும் பெயர் இல்லை. மலையகத்தவர் நீண்ட காலமாகப் பிறர் எடுத்த படங்களிலேயே நின்றிருக்கிறார்கள். காமன் கூத்தை அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவரும் இந்த நேரத்தில், படமெடுப்பவர் தோட்டத்துப் பிள்ளையாகவே இருக்க வேண்டும்.

எல்லாக் குடும்பங்களாலும் இத்தனை நாள் சம்பளத்தை ஒதுக்க முடியாது. கோயில் கமிட்டியும் பாடசாலையின் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்தால் தோட்டத்துக்கு ஒன்று வாங்கலாம். வரும் மாசிக்குள் அதை வாங்கி, பயிற்சி எடுத்த இரண்டு பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். எடுக்கும் படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒவ்வொரு படத்தோடும் ஆடியவரின் பெயர், தோட்டத்தின் பெயர், திகதி மூன்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள்.