பஸ் எங்கே நிற்கிறது?

ஜனத்தொகைக் கணக்கு எடுக்கும்போது, கிராமங்களைப் பற்றித் தனியாக ஒரு பட்டியலும் தயார் செய்கிறார்கள். பள்ளிக்கூடம் உண்டா, ஆஸ்பத்திரி உண்டா, பஸ் வருகிறதா என்று அதில் எழுதுவார்கள். பஸ் வராவிட்டால், எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்றும் குறிப்பார்கள். 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10 வரை, 10-க்கு மேல். இந்த மூன்றில் ஒன்று.

பஸ் உண்டு என்று எழுதிவிட்டால்? தூரத்தைப் பற்றிய பேச்சே இல்லை!

சின்ன ஊருக்கு இது சரி. ஐம்பது வீடு இருக்கும். பஸ் எங்கே நின்றாலும் கூப்பிடு தூரம்தான். பெரிய கிராமத்தின் கதை வேறு.

ஜனங்கள் பெருகினால் ஊர் பட்டணமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. நகராட்சி, பேரூராட்சி என்று அறிவிக்கப்படாத ஊருக்கு 2011 கணக்கெடுப்பில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. 5,000 பேராவது இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும். வேலை செய்யும் ஆண்களில் 100-க்கு 75 பேர் விவசாயம் அல்லாத தொழில் செய்ய வேண்டும். ஆகவே வயலை நம்பி வாழும் ஊரில் 10,000 பேர் இருந்தாலும் அது கிராமம்தான்!

இத்தனை பேரும் ஒரே தெருவிலா இருக்கிறார்கள்? வருவாய்த் துறைக் கணக்கில் பெயர் ஒன்று. நேரில் போய்ப் பார்த்தால் எட்டுப் பத்துக் குடியிருப்புகள். நடு ஊர், அதைத் தள்ளி ஒரு பட்டி, ஏரிக்கு அப்பால் ஒரு காலனி, தோட்டங்களுக்கு நடுவே நாலு வீடு. வடக்கேயும் இப்படித்தான். உத்தரப் பிரதேசத்தில் காசிப்பூர் மாவட்டத்தில் கஹ்மர் என்ற மிகப் பெரிய கிராமம் இருக்கிறது. பட்டாளத்துக்காரர்களுக்குப் பெயர் போன ஊர். அதுவும் பல பகுதிகளாகப் பிரிந்தது. அங்கும் அவற்றை "பட்டி" என்றே சொல்கிறார்கள்! ஆனால் அந்த ஊருக்கு அதன் பெயரிலேயே ரயில் நிலையம் உண்டு.

நம் ஊரில் பஸ் நடு ஊரோடு நின்றுவிடும். சில இடங்களில் மெயின் ரோட்டிலேயே திரும்பிவிடும். காலனிக்காரர் 3 கிலோமீட்டர் நடப்பார். கணக்குப் புத்தகத்தில் அவருக்கும் பஸ் உண்டு!

அந்த 3 கிலோமீட்டர் யாரைத் தடுக்கிறது? ஆறாம் வகுப்புக்குப் போகும் பெண்ணை. சர்க்கார் இலவச சைக்கிள் தருவது பதினோராம் வகுப்பில். அதுவரை அவள் கருவேலங்காட்டு வழியே, இருட்டியபின் தனியாக வர வேண்டும் என்றால் தாய் என்ன செய்வாள்? "படித்தது போதும்" என்பாள். அவளைக் குறை சொல்லிப் பயன் இல்லை. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம். ஆனால் அந்தச் சலுகை பஸ்ஸில் ஏறிய பிறகுதானே!

ரோடு போடுவதில் சர்க்கார் சரியாக யோசித்தது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், ஊர்ப் பெயரைப் பார்க்கவில்லை. குடியிருப்பைப் பார்த்தது. சமவெளியில் 500 பேர், மலைப் பகுதியில் 250 பேர் உள்ள குடியிருப்புகளுக்கு, மழையிலும் போகக்கூடிய ரோடு என்றது. ரோட்டுக்கு உள்ள நியாயம் பஸ்ஸுக்கு ஏன் கூடாது?

பெரிய பஸ் போகாத பாதைகளுக்காகவே 1997-ல் இங்கு மினி பஸ் வந்தது. பல ஊர்களில் பிறகு நின்றும் போயிற்று. 2025 ஜூன் மாதம் தஞ்சாவூரில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் பெரும்பகுதி பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பாதை எது என்று ஊர்க்காரர்கள்தான் காட்ட வேண்டும்.

2021-ல் நடக்காமல் தள்ளிப்போன ஜனத்தொகைக் கணக்குக்கு, 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதன் கிராமப் பட்டியலில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் பஸ் தூரத்தை எழுதச் சொல்லி நாம் கேட்கிறோம்.

கிராம சபையில் தீர்மானம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "உங்கள் ஊருக்குத்தான் பஸ் இருக்கிறதே" என்று பதில் வந்துவிடும். எந்தக் குடியிருப்பு, எத்தனை வீடு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர், பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.