குத்திய ஊசியும் குடித்த நீரும்

தோழனே!

காரைக்காலைக் கண்டிருப்பாய். நாகையும் மயிலாடுதுறையும் திருவாரூரும் சூழ்ந்து நிற்க, அரசலாறு கடலைத் தழுவுமிடத்தே, கோடு கிழித்துப் பிரித்ததுபோல் தனித்திருக்கும் ஊர். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி அங்கே முடிந்தது. எல்லையிலே காவல் இருந்த காலத்திலும், பெரியம்மை மட்டும் எவரிடமும் அனுமதிச் சீட்டுக் கேட்டு நின்றதில்லை!

எங்கே அந்தப் பெரியம்மை? ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று வாசலிலே வேப்பிலை செருகி, பார்வை பறிபோன பிள்ளையை விதியென்று ஏற்ற வீடுகள் எத்தனை! 1975 மே மாதத்தோடு இந்திய மண்ணில் அது முடிந்தது. 1980 மே 8ஆம் நாள், உலகிலேயே அது ஒழிந்தது என்ற அறிவிப்பு வந்தது.

ஊசியல்ல, உணவும் தூய்மையும் பெருகியதே காரணம் என்பாருண்டு. இயற்கையாகத் தொற்றிய இறுதி நோயாளி, 1977இல் சோமாலியாவிலே இருந்தார். அங்கே எந்தச் சோறு பெருகிற்று? மனிதனை விட்டால் அந்நோய்க்கு வேறு புகலிடமில்லை. நோயாளியைத் தேடிக் கண்டு, சுற்றியிருந்தோர்க்கெல்லாம் அம்மை குத்தினார்கள். போக வழியற்று மாண்டது நோய். இளம்பிள்ளை வாதமோ கழிவின் வழியே பரவுவது. சாக்கடை சாக்கடையாகவே கிடந்தது. சொட்டு மருந்து வென்றது! 2011 சனவரியில் ஹௌராவிலே ஒரு குழந்தை, அதுவே இறுதி.

அப்படியானால் ஊசியொன்றே போதுமென்று உறங்கிவிடலாமா? 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா! ஆம், கொள்ளுப்பாட்டி காலத்து வாந்திபேதி! நெருக்கடி நிலை அறிவித்தார்கள், பள்ளிகளை மூடினார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையை நாடினர்.

காலராவுக்கும் மருந்துண்டு, வாய்வழியே தருவது. ஆனால் அதன் காப்பு சில ஆண்டுகளே. கிருமியோ, ஆறும் கடலும் கலக்கும் உவர்நீரிலே மனிதன் துணையின்றியே வாழவல்லது. பெரியம்மையை வளைத்ததுபோல் இதை வளைக்க முடியாது. கழிவு கலவாத குடிநீரே இதற்கு அணை. கொள்ளை வந்த ஊரிலே மருந்து கொடுக்கட்டும், வரவேற்போம். குழாயை மாற்றாமல் மருந்தைக் காட்டி நழுவினால் விடலாமோ?

ஆட்சிபீடமோ 130 கிலோமீட்டருக்கு அப்பால், புதுவையிலே. ஆகவே, உன் தெருவிலே சொட்டு மருந்துக்குப் பிள்ளையை மறைக்கும் தாயிடம் பொறுமையாகப் பேசு. நகராட்சி வாயிலிலே குரலை உயர்த்து: குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையே எத்தனை அடி? குழாய் புதைத்து எத்தனை ஆண்டு? வரைபடத்தைக் காட்டச் சொல்!