தபலாவை நிறுத்தியவர்

ஆண்டு மலர் என்றாலே நம்ம பசங்க எழுதுவது மூன்று சமாச்சாரம்தான். காதல் கவிதை, வேலையில்லாத் திண்டாட்டம், அப்புறம் ராஜாவா ரஹ்மானா என்ற முடியாத பட்டிமன்றம். நானும் பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இந்த ஆல்பத்தில் ஹீரோ இல்லை, ஹீரோயின் இல்லை, பாடுகிறவர்கூட இல்லை. ஒரு மாதமாகப் பேரையூரிலிருந்து காலேஜுக்கு வரும் பஸ்ஸில் இதைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறேன். பக்கத்து சீட்டு நண்பன் ஒரு நாள் இயர்போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, "என்னடா, வீடியோ கேம் சத்தமா?" என்றான். அவனுக்குச் சொல்ல நினைத்த பதிலே இந்தக் கட்டுரை.

ஆல்பத்தை உருவாக்கியவர் பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங். இந்திப் படப் பாடல்களுக்கு பேஸ் கிதார், கீபோர்டு வாசித்தவர். ஆர்.டி. பர்மன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடம் வேலை பார்த்தவர். கல்யாண வீடுகளிலும் வாசிப்பார். மொத்தத்தில், பாட்டைக் கேட்ட எல்லோருக்கும் தெரிந்த விரல், யாருக்கும் தெரியாத பெயர். அவரிடம் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி மெஷின்கள் மூன்று இருந்தன. ஜூபிடர் 8 என்ற சிந்தசைசர், டி.ஆர். 808 என்ற தாள மெஷின், டி.பி. 303 என்ற பேஸ் மெஷின். 303 சிங்கப்பூரில் வாங்கியது. இந்த மூன்றையும் ஒன்றாக இணைத்து, பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982-ல் ஒரு எல்.பி. ரிக்கார்டு பண்ணினார். எச்.எம்.வி. வெளியிட்டது. தலைப்பு 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. தலைப்பிலேயே எல்லாம் சொல்லியாச்சு, ஒளிவு மறைவு இல்லை!

ஈ.சி.ஈ. நண்பர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்கிறேன், மற்ற பிராஞ்ச்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும். 808-க்குள் இருக்கும் டிரம் சத்தம் யாரோ அடித்துப் பதிவு செய்தது அல்ல. ஒரு சின்ன மின்துடிப்பைச் சர்க்யூட்டுக்குள் அனுப்பினால், மணியைத் தட்டினால் அதிர்ந்து அடங்குவது போல அதுவும் அதிர்ந்து அடங்கும். அந்த அதிர்வுதான் நாம் கேட்கும் 'தும்'. 303 இன்னும் எளிமை. ஒரே ஆசிலேட்டர், அதிலிருந்து ரம்பப்பல் அலை அல்லது சதுர அலை, அதற்குப் பின்னால் ஒரு லோ பாஸ் ஃபில்டர். நாம் லேபில் சி.ஆர்.ஓ. திரையில் பார்த்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் வரைகிறோமே, அதே அலைதான். பதினாறு கட்டத்தில் பதினாறு சுரத்தை ஏற்றிவிட்டால் விடிய விடிய அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கும். கூடவே 'ஸ்லைடு' என்று ஒரு வசதி உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஜப்பான்காரர் இதைச் செய்தது, தனியாக வாசிக்கும் கிதார்காரருக்குத் துணையாக பேஸ் கிதார் வாசிக்க. ஆனால் ராகம் தெரிந்த கையில் கிடைத்ததும் அந்த வழுக்கல் ஏறக்குறைய கமகம் ஆகிவிட்டது. இதைக் கேட்டுத்தான் நான் முதலில் அசந்துபோனேன். யமன் என்றால் நம் கல்யாணி, மால்கௌன்ஸ் என்றால் நம் இந்தோளம், பூபாலி என்றால் மோகனம். பெயர்தான் வேறு, காதுக்குப் பழகியவைதான்.

சரி, ஆல்பம் வந்தது. என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை! விற்கவில்லை, பேச்சும் இல்லை. திட்டியிருந்தாலாவது நாலு பேர் வாங்கியிருப்பார்கள். டிஸ்கோ அப்போது செல்லாத காசு என்று நினைத்துவிடாதீர்கள். 1980-ல் 'குர்பானி', 1981-ல் நாஸியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே', 1982-லேயே 'டிஸ்கோ டான்ஸர்' என்று நாடே ஆடிக்கொண்டிருந்த நேரம். ஆனால் ஆடுகிறவர்களுக்கு ஒரு குரல் வேண்டும், கூடப் பாட இரண்டு வரி வேண்டும். ராகம் கேட்கிறவர்களுக்குத் தம்பூரா வேண்டும், தபலா வேண்டும், கண்மூடி வாசிக்கும் வித்வான் வேண்டும். இவருடைய ரிக்கார்டு இரண்டு வீட்டுக்கும் உறவில்லாத பிள்ளையாகிவிட்டது. கடைக்காரர் அதை எந்த அலமாரியில் வைப்பார்?

நம் பக்கமும் யோசித்துப் பாருங்கள். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்தபோது அதைச் சுமந்து போக ஒரு கமல் படம் இருந்தது. அதே வருஷம் சினிமா இல்லாமல் 'ஹவ் டு நேம் இட்' என்ற ஆல்பத்தையும் ராஜா போட்டார். அதைச் சுமக்க ராஜா என்ற பெயர் இருந்தது. 1992-ல் ரஹ்மானின் புதுச் சத்தத்தைத் தூக்கி வர 'ரோஜா' இருந்தது. இவர்கள் திறமையை நான் குறைக்கவில்லை (ரஹ்மான் ரசிகர்கள் ஹாஸ்டல் வாசலில் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்). புதுச் சத்தம் தானாக நடந்து வீட்டுக்கு வராது, ஒரு வண்டி வேண்டும் என்கிறேன். சரண்ஜித் சிங்குக்கு வண்டி இல்லை.

இருபது வருஷம் கழித்து 2002-ல், எடோ பௌமன் என்ற ஹாலந்துக்காரர், பழைய ரிக்கார்டு சேகரிப்பவர், டில்லியில் இந்த எல்.பி.யைக் கண்டெடுத்தார். 2010-ல் மறுபடி வெளியிட்டார். உடனே ஐரோப்பாவே அலறியது. காரணம் என்னவென்றால், 1987-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு இதே 303-ஐ வைத்து 'ஆசிட் டிராக்ஸ்' என்று ஒன்றை வெளியிட்டது. அதிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு தனி இசை வகையே கிளம்பி உலகமெல்லாம் பரவியது. அதைப் போன்ற சத்தம் ஐந்து வருஷம் முந்தி பம்பாயில் எப்படி? 1982-ல் இந்தியாவில் இதைச் செய்திருக்கவே முடியாது, யாரோ வெள்ளைக்காரர் செய்த குறும்பு என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். உண்மைதான் என்று தெரிந்ததும் மாலை மரியாதை. அந்த வயதில் அவர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-ல் காலமானார்.

இப்போது எங்கே படித்தாலும் 'ஆசிட் ஹவுஸை முன்கூட்டியே கண்டுபிடித்தவர்' என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு இந்தப் பாராட்டுப் பிடிக்கவில்லை. 1982-ல் 'செய்திருக்கவே முடியாது' என்று சொன்ன அதே வாய் போடும் மாலைதானே இது? சிகாகோ பையன்கள் செய்தது வேறு வேலை. யாரும் வாங்காமல் கம்பெனி கைவிட்ட 303, பழைய சாமான் விலைக்குக் கிடைத்தது. அதன் ஃபில்டர் குமிழைத் திருகித் திருகி, மெஷினையே அழவைத்து, ஒரு புது சத்தத்தைக் கண்டார்கள். அது அவர்கள் சாமர்த்தியம். இவர் தேடியது ராகம். சிகாகோவுக்கு முந்தி ஓடவேண்டும் என்று இவர் கிளம்பவே இல்லை. கல்யாணி வாசித்த மனிதரைப் பிடித்து, சிகாகோ பஸ்ஸில் முதல் ஆளாக ஏறியவர் என்று சொன்னால் அது அவருக்கு என்ன பெருமை? அந்தப் பஸ் வராமலே போயிருந்தால் இந்த ஆல்பம் குப்பையா?

வயதான காலத்தில் ஒரு பேட்டியில் அவர் சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணம். சினிமாவில் எங்கு பார்த்தாலும் டிஸ்கோ. ராகத்தை எடுத்து அதில் வாசித்து, தபலாவை நிறுத்திவிடலாம் என்று தோன்றியதாம்.

தபலாவை நிறுத்துவது. படித்தபோது இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் அய்யா நையாண்டி மேளத்தில் தவில். திருவிழா, சப்பரம், கல்யாணம், காதுகுத்து எல்லாம் சீசனுக்குத்தான். மற்ற நாளைக்கு ஒரு கோயிலில் சாயங்கால பூஜைக்கு வாசிப்பார், மாதம் ஒரு சிறு தொகை கிடைக்கும். நான் டிப்ளமோ சேர்ந்த வருஷம் அங்கே மின்சார மேளம் வாங்கி வைத்தார்கள். பார்த்திருப்பீர்கள், சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி முரசும் மணியும் தானாக அடிக்குமே, அதுதான். அய்யாவை 'இனி வரவேண்டாம்' என்று யாரும் சொல்லவில்லை. அவராகப் போகவில்லை. போன மார்கழியில் அது நின்றுபோனது. 'எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன்' என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். உர்ரென்று இரைகிறது, சுற்றவில்லை. கன்டென்சர் போயிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அய்யா கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு வாங்குன?"

ஆகவே இந்த ஆல்பத்துக்கு இரண்டு தீர்ப்பு போதாது, மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன். ரேடியோ செட் வைத்திருக்கும் மாமாவிடம் ஒரு சின்ன ஆம்பிளிஃபயரும் பாக்ஸும் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டேன். யார் வாசித்தது, எந்த நாட்டில் பேர் வாங்கியது, எதையும் சொல்லவில்லை. முதலில் மால்கௌன்ஸ். அய்யா கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். "இந்தோளம்ல? ஆளு யாருன்னு தெரியல, கை சுத்தம்" என்றார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்லாத வார்த்தை இது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அப்புறம் எண்ண ஆரம்பித்தார். கை தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஓர் ஆவர்த்தனம், இரண்டு, எட்டு, பதினாறு. தலையை நிமிர்த்தி, "எப்பப்பா தீர்மானம் வைப்பாய்ங்க?" என்றார்.

"வைக்க மாட்டாய்ங்கய்யா. மெஷினு. இப்படியேதான் போகும்."

"பாட்டு பூராவுமா?"

"பூராவும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பாட்டு முடிந்ததும், "அதயே இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன். இந்த முறை கட்டில் சட்டத்தில் விரலால் வாசிக்கத் தொடங்கினார். 808-இன் அடிக்கு நடுவில் எங்கெங்கே இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் புகுந்து வந்தார். கடைசியில் மூன்று தரம் அடித்து ஒரு தீர்மானம் வைத்து, சரியாக சமத்தில் இறங்கி, கையை எடுத்துவிட்டார். மெஷின் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.