கூரைமேற் பொழியும் செல்வம்

மாணவர்களே! புதுவை நகரின் நடுவே, பாரதி பூங்காவில், ஆயி மண்டபம் வெண்ணிறத்தோடு விளங்குகின்றது. அது போர்வெற்றியைக் குறிக்க எழுந்ததன்று. குடிநீரைப் போற்ற எழுந்தது. ஆயி என்னும் பெண்மணி தம் மாளிகையை இடித்து, அவ்விடத்தே ஊரார்க்குக் குளம் கண்டார் என்பது வழிவழி வழங்கும் செய்தி. பின்னாளில், மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில் (1852-1870), முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொணரப்பட்டது. அதன் நினைவாகவே இம்மண்டபம் எழுந்தது. வீட்டை இடித்து நீர்நிலை அமைத்தவர் ஊரில் வாழும் நாம், வீட்டை இடியாமலே நீர் சேர்க்கும் வழியை அறிந்தும் வாளாவிருத்தல் தகுமோ?

‘குழாயைத் திறந்தால் நீர் வருகின்றது, நமக்கேன் இக்கவலை?’ என்பார் சிலர். அக்குழாய்நீரும் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுவதே. நம் ஊருக்கோ கடல் மிக அணித்து. நன்னீர் மட்டம் தாழுந்தோறும் உவர்நீர் உட்புகும். ஒருமுறை உவர்ப்பேறிய கிணற்றை மீட்டல் அரிது. ஆகவே, இட்டு வைக்காமல் எடுத்துக்கொண்டே இருப்பவன், அடுத்த வீட்டான் பங்கையும் தன் பேரன் பங்கையும் சேர்த்தே எடுக்கின்றான்.

புதுவையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களிற் பொழிந்து கடலை அடைகின்றது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். எனவே, 50 சதுர மீட்டர்க் கூரைமேல் ஆண்டுக்கு 65,000 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் 52,000 லிட்டர் எஞ்சும். ஐவர் கொண்ட குடும்பத்திற்குப் பருகவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் எனக் கொண்டால், 10,000 லிட்டர்த் தொட்டியொன்று 200 நாள் உதவும். மிகுநீரைக் கிணற்றருகே குழியமைத்து நிலத்துள் இறக்கலாம்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே இது சட்டமாயிற்று. ஆயினும் சட்டம் குழியை வெட்டுவிக்கும். குழியில் அடைந்த சருகை அகற்றாது. முதல் மழையைப் புறம்போக்குதல், மணலும் கூழாங்கல்லும் இட்டு வடித்தல், கொசு புகாவண்ணம் தொட்டியை மூடுதல், பருகுமுன் நீரைக் காய்ச்சுதல் ஆகியவை வீட்டார் கடமைகள்.

நீரைச் சேர்ப்பதோடு, பயன்படுத்திய நீரையும் வீணாக்கலாகாது. அரிசி களைந்த நீர் கீரைப்பாத்திக்கும், பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும் பாயட்டும். ஒரு முருங்கை, ஓர் அகத்தி, பந்தலில் அவரை, வேலியோரம் கறிவேப்பிலை இருப்பின், நாள்தோறும் கறிக்குக் கடைவீதியை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. காய்கறித் தோலும் சருகும் மக்கி எருவாகும். நிலமில்லா நகரத்தார்க்கு மாடித் தொட்டிகளே தோட்டம்.

இது கூடுமோ என ஐயுறுவோர் அண்மையிலுள்ள ஆரோவில்லைக் காண்க. அங்கு 1968 முதல் வறண்ட செம்மண் மேட்டில் வரப்பிட்டு மழையைத் தேக்கினர், மரம் நட்டனர். இன்று அம்மேடு காடாக நிற்கின்றது.

மாணவர்களே! அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டுக் கூரைநீர் எங்குச் செல்கின்றதெனப் பாருங்கள். அது தெருவிற்கு ஓடுமாயின், ஓடுவது நீரன்று. உங்கள் வருங்காலமே என்று உணருங்கள்.