கண்ணாடி மரமும் காஸ்டிக் சோடாவும்

மக்களே! எங்கள் மண்டைக்காடு பக்கம் பிள்ளைகளை இப்படித்தான் அன்பாகக் கூப்பிடுவோம். நீங்களும் என் மக்கள்தானே!

மரத்துண்டு ஒன்றைப் புத்தகத்தின் மேல் வைத்து, அதன் வழியாக எழுத்தைப் படிக்க முடியுமா? முடியும்! 1992-ஆம் ஆண்டு, ஜெர்மனியைச் சேர்ந்த ஜிக்ஃபிரிட் ஃபிங்க் என்ற அறிஞர், மரத்தின் உள்ளமைப்பைப் பார்ப்பதற்காக அதை ஒளி ஊடுருவும்படி மாற்றினார். 2016-இல் சுவீடனில் லார்ஸ் பெர்க்லண்ட் குழுவினரும், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லியாங்பிங் ஹூ குழுவினரும் இதை மேலும் வளர்த்தார்கள். 2018-இல் ஹூ குழுவினர் மரத்தை ரசாயனத்தில் வேகவைத்து, சூட்டோடு அழுத்தி, அதன் தடிமனை ஐந்தில் ஒரு பங்காக ஒடுக்கினார்கள். மரத்தின் பலம் பத்து மடங்குக்கு மேல் கூடியது!

"இதை வீட்டில் செய்து பார்க்கலாமா?" என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? அந்த ஆர்வத்துக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண். ஆனால், இந்தச் சோதனைக்கு வீடு ஏற்ற இடமல்ல என்பதே என் கருத்து. ஏன் தெரியுமா?

மரத்துக்கு நிறமும் விறைப்பும் தருவது லிக்னின் என்ற பொருள். அதைக் கரைக்கவோ வெளுக்கவோ காஸ்டிக் சோடா போன்ற கடுமையான ரசாயனங்கள் வேண்டும். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டாலே கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரத்தை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கரைசலோ பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். டம்ளரில் வைத்திருப்பதை ஒன்றுமறியாத தம்பி எடுத்துக் குடித்தால் தொண்டையும் குடலும் வெந்துபோகும். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும்.

தவறிப்போய் கண்ணிலோ தோலிலோ பட்டுவிட்டால், ஒளிக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்படியானால் வீட்டில் செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது!

வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அந்த இடம் மட்டும் ஒளி விடும். பழம்பொரி மடித்த காகிதத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான்! காகிதம் மரநாரால் ஆனது. நார்களுக்கு இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பியதும் ஒளி நேராகப் போகிறது. கண்ணாடி மரத்திலும் எண்ணெய்க்குப் பதிலாகத் தெளிவான பிசினை நிரப்புகிறார்கள். அவ்வளவுதான்!

இன்னொன்று. ஒரே அளவுள்ள காய்ந்த முருங்கைத் துண்டையும் பனை வைரத் துண்டையும் வாளித் தண்ணீரில் போடுங்கள். முருங்கை மேலே நிற்கும். பனை அதைவிட ஆழமாக அமிழும். எந்த மரமானாலும், அதன் நார்ச்சுவர் மட்டும் தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு கனம். உள்ளே இருக்கும் காற்றுதான் மரத்தை மிதக்க வைக்கிறது. ஹூ குழுவினர் அழுத்தி வெளியேற்றியது அந்தக் காற்றைத்தான். ஆகவே அந்தப் பலமான மரத்தில் கட்டுமரம் கட்டினால் கடலில் மூழ்கிவிடும்! எந்த வேலைக்கு எந்த மரம் என்று நம் கடற்கரை மக்கள் அறிந்து வைத்திருப்பது எத்தனை பெரிய விஞ்ஞானம்!

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. "தொடாதே" என்று மட்டும் சொன்னால், பிள்ளைகள் அடுக்களையில் ஒளிந்து செய்வார்கள். பள்ளி ஆய்வகத்தைத் திறந்துவிட்டு, கண்ணாடியும் கையுறையும் கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்தைவிட ஆபத்தானது வேறில்லை.

மக்களே, கடும் ரசாயனம் ஆய்வகத்துக்கு. எண்ணெய்ச் சொட்டும் வாளித் தண்ணீரும் வீட்டுக்கு. கேள்வி மட்டும் எங்கும் உங்களோடு வரட்டும்!