கைத்தொழிலும் படிப்புதான்

"படிப்பு ஏறல, மோட்டாரைப் பிரிக்கத்தான் லாயக்கு" என்று மகனைத் திட்டுகிறார்கள் நம் தோட்டத்துப் பெற்றோர். திட்டுவானேன்? ஆசைப்பட்டுப் பழகியதும் படிப்புதானே! ஆனால் கையில் சான்றிதழ் இல்லையென்றால் பட்டறையில் கடைசிவரை எடுபிடிக் கூலிதான். அதுதான் நமக்கு வயிற்றெரிச்சல்.

2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழை, பயிற்சிக்கூடம் போகாமலே அனுபவத்தைக் காட்டியும் பெறலாம். இந்த வழிக்கு பி.பி.டி. என்று பெயர். செய்த வேலையின் படங்கள், முதலாளியின் கடிதம் முதலியவற்றைக் கோப்பாக்கித் தர வேண்டும், மதிப்பீட்டாளர் சரிபார்ப்பார். கட்டணம் உண்டு, எழுத்து வேலையும் உண்டு. மலாய் எழுதத் தடுமாறினால், பள்ளிக்கூடம் போகும் தங்கச்சி எழுதிக் கொடுக்கட்டுமே! திறன் மேம்பாட்டுத் துறையில் விசாரியுங்கள். படம் எடுப்பதை இன்றே தொடங்கலாம்.